உடைக்கப் போகிற காருக்குப் புதுப் பெயிண்ட்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வார்கள். நசுக்கி இரும்பாக்குவதற்கென்று கொடுக்கப்போகிற ஒரு காருக்கு, பெயிண்ட் அடித்து, எஞ்சினைச் சரி பார்த்து, சீட்டுக்கு உறை மாற்றி, உள்ளே கண்ணாடிக்குக் கீழே ஒரு கதம்பச் சரத்தையும் தொங்கவிட்டவன் நான். ராமநாதபுரம் பக்கம் இப்படி ஒருத்தன் இதற்கு முன்னால் இருந்திருக்க மாட்டான். இருந்திருந்தால் அவன் எங்கள் பங்காளியாகத்தான் இருந்திருப்பான்.

அந்தக் கார் அய்யா, அதாவது என் அப்பா, வாங்கியது. மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷம், அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் பரமக்குடிக்குப் போய், ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி முடித்த ஒரு வெள்ளைக் காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்த அன்றே கருப்பன் கோயிலில் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கி, “இது உன் வண்டிடா கருப்பா, நாங்க சும்மா ஓட்டுறோம்” என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் காரில் எது பழுதானாலும் உடைமைக்காரர் பார்த்துக்கொள்வார் என்பது போலத்தான் நாங்கள் இருந்தோம்.

அதன் குணங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, ஸ்டார்ட் பண்ணினால் ஆடும். ஓடும்போது அல்ல, நிற்கும்போது. காய்ச்சல்காரனுக்குக் குளிர் கண்டது மாதிரி பம்பர் முதல் டிக்கி வரை நடுங்கும். உள்ளே உட்கார்ந்து பேசினால் எல்லோருக்கும் குரல் விட்டுவிட்டு வரும். இரண்டாவது, மிளகாய் மூட்டை ஏற்றி ஏற்றி சீட்டுக்குள் விதையும் தூளும் இறங்கிவிட்டிருந்தன. புதிதாக ஏறுகிற ஆள் உட்கார்ந்ததும் தும்முவார். எங்களுக்குப் பழகிவிட்டது. மூன்றாவது, அமாவாசைக்கு அமாவாசை சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போய்வந்ததில் உப்புக்காற்று பட்டுத் தரைத்தகடு அரித்து, பின்சீட்டுக் காலடியில் ஒரு ஓட்டை. பாம்பன் பாலத்தில் போகும்போது எல்லோரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார்கள். என் அத்தை மட்டும் குனிந்து பார்த்தார். பாலத்தின் இடுக்கு வழியாகக் கடல் தெரிந்தது என்று இன்றைக்கும் கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்வார்.

நான்காவது குணம்தான் இந்தக் கதைக்குக் காரணம். முன்பக்கம் இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. வெளியே நின்று இரண்டு கையாலும் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். அந்த இடம் என் மனைவியுடையது.

ஆக, கல்யாணமான நாளிலிருந்து எங்கே போய் இறங்கினாலும் நான் “இரு, சுத்தி வாரேன்” என்று சொல்லிவிட்டு, காரின் முன்பக்கமாக ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவேன். அவள் இறங்குவாள். இதைப் பார்த்த ஊர்ப் பெண்களுக்குக் கதவு திறக்காத விஷயம் எப்படித் தெரியும்? “பொண்டாட்டிக்குக் கதவு தொறந்துவிடுற மனுஷன்” என்று எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். டீக்கடையில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏப்பா, உன்னால என் வீட்டுல நிம்மதியா ஒரு வாய் சோறு திங்க முடியல. அந்த மனுஷனப் பாரு, அந்த மனுஷனப் பாருன்னு ஒரே பாட்டு. கொஞ்சம் கொறச்சுக்கப்பா.”

“என்னண்ணே செய்யிறது, பழகிருச்சு” என்றேன், வெட்கப்படுகிறவன் மாதிரி.

ஒருதடவை உத்தரகோசமங்கைக்குப் போனபோது, யாரோ தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே கோயிலுக்குள் போய்விட்டேன். சாமி கும்பிட்டு, பிராகாரம் சுற்றி, விபூதி வாங்கி, மனைவி எங்கே என்று தேடினால் ஆளில்லை. காரில் இருந்தாள். வெயிலில். கண்ணாடியை இறக்கி, கையை மட்டும் வெளியே நீட்டி விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. வேலை திருப்பாலைக்குடியில், கடற்கரையை ஒட்டிய பள்ளி. காலையில் எங்கள் ஊர் வழியாக ஒரு பஸ் உண்டு. ராமநாதபுரத்தில் இறங்கி, தொண்டிப் பக்கம் போகிற அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் மணி அடிப்பதற்குள் போய்விடலாம். போன வருஷம் அந்தக் காலைப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அவளைக் கொண்டுபோய் விடுகிற பொறுப்பு என்னுடையதும் கருப்பனுடையதும் ஆயிற்று. கருப்பனுக்குக் காலையில் எழுந்திருக்கிற பழக்கம் கிடையாது. நானும் அப்படித்தான். கார் கிளம்புவதற்குள் நாலு பேர் தள்ள வேண்டும், தள்ளுகிறவர்கள் டீ குடிக்க வேண்டும். அவள் போய்ச் சேருகிறபோது பிள்ளைகள் பிரார்த்தனை முடித்து வகுப்புக்குள் போயிருக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம் தாண்டியிருக்கும். தாமதம் என்று குறிப்பார்கள், அது சேர்ந்தால் விடுப்பில் கை வைப்பார்கள். மாணவர்களைத் தாமதமாக வந்ததற்கு வெளியே நிறுத்துகிற ஆசிரியை, தானே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவாள். ஒருநாள் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை, “டீச்சர், நாளைக்கு எங்க அய்யா மீன் வண்டிய அனுப்பச் சொல்லவா?” என்று கேட்டதாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்:

“நான் கார் ஓட்டப் பழகிட்டேன். லைசென்ஸும் எடுத்துட்டேன். புதுசா ஒரு காரு வேணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்பப் பழகுன?”

“நீங்க சீட்டாடப் போன ஞாயித்துக்கெழமையெல்லாம்.”

“நம்ம காரையே ஓட்டலாமே?”

“அத நான் ஓட்டுனா எனக்குக் கதவு தொறந்துவிட ஆளு வேணாம். தள்ளிவிட ஆளு வேணும். வகுப்புல உள்ள பிள்ளைகளத்தான் கூட்டிட்டு வரணும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “பெரிய காரு வேணாம். உள்ள இருந்து கதவு தொறக்குற காரு. காலையில கெளம்புற காரு. அம்புட்டுத்தான்” என்றாள்.

ஒரு மனுஷி இவ்வளவு குறைவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய ஒரு தம்பி குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து விளக்கினார். பழைய காரை, அரசு அனுமதி பெற்ற உடைப்பிடத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அவர்கள் அதை உடைத்து இரும்பாக்கிவிடுவார்கள். ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டுவந்தால் புதுக் காரின் விலையில் ஒரு தள்ளுபடி, சாலை வரியில் ஒரு சலுகை, பதிவுக் கட்டணம் இல்லை. இதற்கு மேல் ஆடித் தள்ளுபடி. எல்லாம் சேர்ந்தால் எங்களுக்கு எட்டுகிற தூரத்துக்குக் கார் இறங்கி வந்தது. ஆடி முடிந்தால் மறுபடியும் ஏறிக்கொள்ளும்.

“எங்க வண்டி கொஞ்சம் பழசு தம்பி” என்றேன்.

“எந்தக் கண்டிஷன்ல இருந்தாலும் பிரச்சினை இல்ல சார். ஒண்ணும் செய்ய வேணாம். அப்படியே குடுத்துருங்க.”

மனைவி நிம்மதியாகத் தலையாட்டினாள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னது: “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பொண்ண மட்டும் அப்படியே அனுப்புங்க.” நாங்கள் அதை நம்பி அனுப்பினோம். பீரோ வரவில்லை என்ற பேச்சு அந்த வீட்டில் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பக்கம் “ஒண்ணும் வேணாம்” என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், பார்த்துச் செய்யுங்கள் என்று அர்த்தம். டை கட்டியிருந்தால் மட்டும் வேறு அர்த்தம் வந்துவிடுமா?

திரும்பி வரும்போது இதைச் சொன்னேன்.

“அவரு அப்படியேன்னா அப்படியேதான்” என்றாள் மனைவி. “அது கல்யாணம் இல்ல. கடை.”

“உனக்கு வெளி ஒலகம் தெரியல” என்றேன். வெளி உலகத்துக்குத் தினமும் போய் வருகிறவளிடம், வீட்டிலிருக்கிற நான்.

அடுத்த வாரம் அவள் பரமக்குடியில் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்த் தன் அக்கா வீட்டில் தங்கினாள். நான் காரை முதுகுளத்தூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அதாவது பாதி தூரம் நான் ஓட்டினேன், மீதி தூரம் ஒரு டிராக்டர் இழுத்தது.

மெக்கானிக் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அண்ணே, உடைக்கத்தான குடுக்கப் போறீங்க?”

“ஆமா.”

“உடைக்கப் போறதுக்கு எதுக்கண்ணே பெயிண்டு?”

“ஏலே, கருப்பனுக்கு ஆடு வெட்டுறதுக்கு முன்னாடி குளிப்பாட்டி, மஞ்சத் தடவி, மால போடுறமா இல்லையா? அழுக்கோட இழுத்துட்டுப் போயா நிறுத்துறோம்?”

அவர் ஸ்பேனரை மறுபடியும் கையில் எடுத்தார். இந்த நியாயத்தை அவரால் மறுக்க முடியாது. யாராலும் முடியாது. அதுதான் என் நியாயங்களில் உள்ள கோளாறு. “சரிண்ணே, ஆடுறதையும் நிப்பாட்டிரவா? எஞ்சினத் தாங்குற ரப்பரு செத்துப் போச்சு. அத மாத்துனா கல்லு மாதிரி நிக்கும்.”

“மாத்து, மாத்து. அதுதான் மானம் போற விஷயம்.”

எல்லாம் செய்தார். கார் பளபளவென்று வந்து நின்றது. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பியது. எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பானெட் மேல் டீக் கிளாஸை வைத்துப் பார்த்தோம். டீயில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பயிற்சி முடித்து வந்த மனைவி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடதுபக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். உள்ளே கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

“எல்லாம் செஞ்சிருக்கீங்களே. இது?”

“அந்தப் பார்ட்டு இப்ப வாரதில்லையாம்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரு, சுத்தி வாரேன்” என்றேன்.

அப்போது வயலிலிருந்து அய்யா வந்தார். வண்டி அவர் பெயரில் இருக்கிறது, ஒப்படைக்கிற தாளில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தவர். அன்றைக்கு வாசலில் நின்ற காரைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

“ஏலே, இது யாரு காரு?”

“நம்மதுதான் அய்யா.”

“மாப்பிள்ள மாதிரில்ல நிக்கிது! இத எதுக்குடா உடைக்கக் குடுக்கணும்?”

என் மனைவி என் பக்கம் திரும்பிய திருப்பத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

“மாமா, ஆடி முடிஞ்சா தள்ளுபடியும் முடிஞ்சிரும்” என்றாள், மெதுவாக. “பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போகணும் மாமா.”

அய்யாவுக்கு மருமகள் மேல் பிரியம் அதிகம். காரின் மேலும் பிரியம் அதிகம். இரண்டுக்கும் நடுவில் நின்று தாடையைச் சொறிந்தார். “எனக்குன்னா இப்பவே போட்டுருவேன் தாயி. ஆனா வண்டி கருப்பனுது. அவன்கிட்ட உத்தரவு கேக்காம எப்படி? வெள்ளிக்கெழம கேட்டுருவோம். குடுத்தான்னா கையெழுத்து. இல்லைன்னா இல்ல.”

ஆடிக் கடைசி வெள்ளி அது. அதற்குப் பிறகு கேட்க நாள் இல்லை.

கருப்பனிடம் உத்தரவு கேட்பது எப்படி என்பது ஊருக்குத் தெரியும். நேர்ந்துவிட்ட ஆட்டைச் சாமி முன்னால் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரைத் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்துக் குலுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. குலுக்காத வரைக்கும் யாரும் அரிவாளைத் தொட முடியாது. நாங்கள் போன வெள்ளிக்கிழமை, எங்களுக்கு முன்னால் ஒரு ஆடு நின்றது. ஒரே ஒரு கை தண்ணீர்தான் பட்டது. காதிலிருந்து வால் வரை அப்படி ஒரு குலுக்கு. தன் வேலை முடிந்தது என்று நின்றுவிட்டது. அந்த ஆட்டுக்கு இருந்த பொறுப்புணர்ச்சியை நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது எங்கள் கார். சாமிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பூசாரி எனக்குச் சித்தப்பா முறை. சொம்போடு வந்தார். கூட்டமும் கூடவே வந்தது, ஆட்டுக்கு இவ்வளவு பேர் வரவில்லை.

“ஆட்டுக்கு ஒடம்பு கூசும், குலுக்கும். காருக்கு எங்கன கூசும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“கேக்குறது கருப்பன்கிட்ட. ஆடு எது, காரு எதுன்னு அவனுக்குத் தெரியாதா? வாயப் பொத்து” என்றார் பூசாரிச் சித்தப்பா.

வயலிலிருந்து நேரே கோயிலுக்கு வந்திருந்த அய்யா என் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“வண்டிய ஸ்டார்ட் பண்ணி வை. பயப்படாதலே. இது நின்னு ஆடாத நாளு உண்டா? தண்ணி பட்டதும் குடுத்துட்டான்னு சொல்லிருவோம். உம் பொண்டாட்டிக்கு நேரத்துக்குப் போகணுமா வேணாமா?”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அய்யா முதலிலேயே முடிவு பண்ணிவிட்டார். கருப்பன் வாயால் சொல்லவைத்தால் தன் மனசுக்கும் சமாதானம், ஊருக்கும் சமாதானம் என்று, தோற்கவே முடியாத ஒரு பரீட்சையை வைத்திருக்கிறார். வினாத்தாளும் விடையும் அவர் கையில். அந்த விடையைத்தான் நான் முதுகுளத்தூரில் பணம் கொடுத்துக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

“அய்யா, வந்து...” என்றேன்.

“ஸ்டார்ட் பண்ணுடா.”

சாவியைத் திருப்பினேன். கிளம்பியது. கிளம்பியதா என்று கூட்டம் எட்டிப் பார்த்தது. பூசாரிச் சித்தப்பா ஒரு கை மஞ்சள் தண்ணீரை பானெட் மேல் வீசினார். தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஒரு முத்துகூட நகரவில்லை.

இன்னொரு கை. முத்துகள் கூடின. அவ்வளவுதான்.

அய்யா காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஆடிய வண்டி, ஆட வேண்டிய நாளில் தியானத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

“கருப்பன் குடுக்க மாட்டேங்குறான்” என்று ஒரு குரல்.

“எப்படிக் குடுப்பான்? இம்புட்டு நல்ல வண்டிய யாராச்சும் உடைக்கக் குடுப்பானா?” என்று இன்னொரு குரல். நான் சிரமப்பட்டு அடித்த பெயிண்டுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். புலி மாதிரி உறுமியது, ஆடவில்லை. சரி என்று இறங்கினேன். எஞ்சினைப் பார்க்கிற பாவனையில் மட்கார்டில் இடுப்பைச் சாய்த்து, மெல்ல ஒரு இடி இடித்தேன்.

“ஏலே, தள்ளி நில்லு!” பூசாரிச் சித்தப்பா அதட்டினார். “சாமிகிட்ட கேக்குறப்ப நீ பதில் சொல்லாத!”

கூட்டம் சிரித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, மனைவியின் கதவைத் திறக்கவே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் நடக்கிற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் போய்விட்ட நிறுத்தத்தில் நிற்கிறவளின் முகம். ஒரு வருஷமாக நான் தினமும் காலையில் பார்த்த முகம்தான். அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

“இரு, சுத்தி வாரேன்” என்று வாயெடுத்தேன்.

அவள் அதற்குள் சேலையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கியரைத் தாண்டி, என் சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“மூணாவது தடவ தெளிங்க சின்ன மாமா” என்றாள் ஜன்னல் வழியாக, வகுப்பில் பேசுகிற குரலில்.

சித்தப்பா தெளித்தார்.

உள்ளே அவள் காலும் கையும் என்ன செய்தன என்று எனக்குத் தெரிந்தது, கூட்டத்துக்குத் தெரியவில்லை. கை பிரேக் போட்டபடியே இருக்க, கிளட்சை அமுக்கி, கியரைப் போட்டு, சட்டென்று காலை எடுத்திருக்கிறாள். கார் எடுத்தது பாருங்கள் ஒரு குலுக்கு. முன்னால் ஒரு எம்பு, பின்னால் ஒரு எம்பு, கதவு, கண்ணாடி, நம்பர் பிளேட்டு எல்லாம் தடதடவென்று அதிர, நின்ற தண்ணீர் மொத்தமும் சிதறி முன்வரிசை ஆட்கள் மேல் அடித்தது. கதம்பச் சரம் அறுந்து விழுந்தது. கார் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

“குடுத்துட்டான்யா!” என்று கத்தினார் அய்யா. வேறு யாரும் எதுவும் சொல்வதற்குள் கத்திவிட வேண்டும் என்கிற அவசரம் அதில் இருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, “ஆட்டவிட நல்லா குலுக்குச்சப்பா” என்றார்.

மனைவி டிரைவர் பக்கக் கதவைத் தானே திறந்துகொண்டு இறங்கினாள். அந்தக் காரில் அவள் உள்ளேயிருந்து திறந்த முதல் கதவு அது.

அன்று சாயங்காலம், “வேணும்னுதான செஞ்ச?” என்று கேட்டேன். “பழகுறவ தானே, கால் வழுக்கிருச்சு” என்றாள். அய்யா அதைக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தலையைத் தூக்கவே இல்லை.

மறுநாளே காரை உடைப்பிடத்துக்குக் கொண்டுபோனேன். மதுரைப் பக்கம், நெடுஞ்சாலையை விட்டுத் தள்ளி இருந்தது. வழியெல்லாம் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடியது. சாகப்போகிற நேரத்தில் நல்ல பிள்ளையாகி என்ன பிரயோசனம். அங்கே இருந்தவர் பெயிண்டை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எடை மேடையில் ஏற்றச் சொன்னார்.

“இப்பத்தான் பெயிண்ட் அடிச்சோம்” என்றேன்.

“எதுக்கு?”

“பெயிண்டுக்கு எடை உண்டுல்ல?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஆளையும் சேர்த்து எடை போட்டுவிடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு இரண்டு பேர் சீட்டைக் கழற்ற உள்ளே போனார்கள். உள்ளே போனவர்கள் தும்ம ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்க்கப் போனவர் தும்மினார். நான் சான்றிதழை வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து பஸ் ஏறுகிற வரைக்கும் தும்மல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சான்றிதழ் கடைசி நாளுக்குள் ஷோரூமுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆவணி பிறந்ததும் புதுக் கார் வந்தது. சின்னக் கார், நீலக் கலர், நடுக்கம் கிடையாது. டை கட்டிய தம்பி சாவியை மனைவி கையில் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் நான்கு கதவையும் உள்ளேயிருந்து திறந்து திறந்து பார்த்தாள். நான் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய்த் தூள் இல்லாத காரில் அதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை.

“பின்கதவு ரெண்டுலயும் ஒரு பூட்டு இருக்கு மேடம். இதப் போட்டுட்டா உள்ள இருந்து தொறக்காது. வீட்டுல சின்னப் பிள்ளைங்க யாரும் இருக்காங்களா?” என்று கேட்டார் தம்பி.

அவள் என்னைப் பார்த்தாள். “ஒருத்தரு இருக்காரு. போட்டுருங்க.”

தம்பி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு அதை மறந்தும் போனேன்.

திங்கட்கிழமை காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். முதல் நாள் என்பதால் நாங்களும் வருகிறோம் என்று அய்யாவும் நானும் ஏறிக்கொண்டோம். அய்யா முன்னால், நான் பின்னால். தேவிபட்டினம் தாண்டியதும் வலதுபக்கம் கடல் தெரிந்தது. காலடியில் ஓட்டை இல்லாத காரில் கடலைப் பார்ப்பதும் ஒரு சுகம்தான். வழியெல்லாம் அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தேன். “ஆடு வருது, பாத்து.” “ஹாரன் அடி.” “வலைய காயப்போட்டுருக்கான், ஒதுங்கு.” அவள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அய்யா மட்டும், “அவ பாட்டுக்கு ஓட்டட்டும்டா” என்றார் இரண்டு தடவை.

திருப்பாலைக்குடிப் பள்ளி வாசலில் போய் நின்றோம். மணி இன்னும் அடிக்கவில்லை. பிள்ளைகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. “டீச்சர் காரு, டீச்சர் காரு” என்று ஓடிவந்து சுற்றிக்கொண்டன. அவள் இறங்கினாள். அய்யா இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே ஓட்டிவந்தவர் மாதிரி நின்றார். நான் கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். அந்தப் பக்கக் கதவுக்கு நகர்ந்து இழுத்தேன். கண்ணாடிக்கு வெளியே பிள்ளைகள் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தன.

கண்ணாடியைத் தட்டினேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பள்ளி வராந்தாவைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

“ஏய், கதவு தொறக்கலம்மா!”

அவள் திரும்பிப் பார்த்தாள். நடையை நிறுத்தவில்லை.

“இருங்க, கையெழுத்துப் போட்டுட்டு வாரேன்.”